பின்குறிப்பு: எதுவும் இல்லை

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பரவாயில்லை’. பதினோரு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்தச் சொல்லைக் கேட்டிருப்பேன். அவர் கால்மேல் நாற்காலியை ஏற்றினால் பரவாயில்லை. அவருக்கு வந்த டீயை நான் எடுத்துக் குடித்துவிட்டால் பரவாயில்லை. அவர் கொடுத்த விடுமுறைக் கடிதத்தை மேனேஜர் தொலைத்துவிட்டு, “எப்பய்யா குடுத்த?” என்று அவரிடமே எகிறினாலும் பரவாயில்லை. வாயில்லாப் பூச்சி. எனக்கோ மூக்கு நுனியில் கோபம். அவருக்கு வரவேண்டிய பங்கும் சேர்த்து எனக்கே வந்துவிட்டது என்று ஆபீஸில் சொல்வார்கள்.

எங்கள் வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. அவர் நிரல் எழுதுவார். நான் அதைச் சோதித்துப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போடுவேன். டாக்டர் தன் அறையில் ஒரு நோயாளியின் எண்ணைத் தட்டினால், சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் நிரல் அந்த ஆளின் ஸ்கேன் அறிக்கையை எடுத்து ஒரு பக்கமாகக் காட்டும். அதுதான் எங்கள் சோறு.

அந்தப் பக்கத்தின் அடியில் ‘பின்குறிப்பு’ என்று ஒரு வரி உண்டு. ஸ்கேன் பிரிவின் பெரிய டாக்டர் முதல் நாள் எடுத்த படங்களை மறுநாள் இன்னொரு தடவை பார்ப்பார். மனுஷன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். ஏதாவது உறுத்தினால் நாலு வரி எழுதுவார். அது மட்டும் தனிக் கோப்பாகச் சர்வரில் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். எங்கள் நிரல் அந்த ஃபோல்டருக்குப் போய், நோயாளியின் எண் உள்ள கோப்பைத் தேடி, படித்துக் காட்டும். நூறு பேரில் ஒருவருக்கு அப்படிக் கோப்பு இருந்தாலே அதிகம். மற்றவர்களுக்கு ‘பின்குறிப்பு: எதுவும் இல்லை’ என்று வரும்.

ஒருமுறை சர்வரில் ஏதோ கோளாறாகி நிரலால் அந்த ஃபோல்டருக்குள் போக முடியவில்லை. டாக்டரின் திரை முழுக்கச் சிவப்பாக, தலையும் வாலும் புரியாத இருபது வரி வந்து நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாராம். டாக்டர் மேனேஜரைக் காய்ச்சினார். மேனேஜர் எங்கள் அறைக்கு வந்து, “இனிமே சிவப்பே வரக்கூடாது. பாக்கறவங்க பயப்படறாங்க” என்றார்.

“சரி சார், பரவாயில்ல, மாத்திடறேன்” என்றார் இவர்.

மாற்றினார். எந்தக் காரணத்தால் கோப்பைப் படிக்க முடியாமல் போனாலும் ‘எதுவும் இல்லை’ என்று காட்டும்படி எழுதினார். கோப்பு இல்லை என்பது வேறு; கோப்பு இருக்கும் இடத்துக்கே போக முடியவில்லை என்பது வேறு. அந்த இரண்டையும் ஒரே வரியில் போட்டு மூடினார். நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோதனைக்காக அந்த ஃபோல்டரின் பெயரை நானே மாற்றிவைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு வரவில்லை. ‘எதுவும் இல்லை’ என்று அமைதியாக வந்தது. ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இவருக்கு ஓர் அக்கா. அம்மா போன பிறகு இவரைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவள்தான். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வக்கீல்கள் ‘வாய்க்கார அக்கா’ என்பார்கள். அவள் காதில் விழும்படி சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. தம்பி வாயையும் சேர்த்து அவளே வைத்துக்கொண்டாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். கடையில் வேலைக்கு இருந்த ஓர் ஆள், ஒரு வழக்குக் கட்டில் இருபத்தேழாம் பக்கம் காணாமல் போனதும், எண்ணிக்கை சரியாக வரட்டும் என்று ஒரு வெற்றுத் தாளைச் செருகித் தைத்துக் கொடுத்துவிட்டார். அக்கா அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டாள். “பக்கம் இல்லன்னு வாயத் தொறந்து சொல்லிருந்தா தேடிருப்பாங்க. வெத்துத் தாள வச்சா யாரு தேடுவா?” என்றாளாம். இவர்தான் இதை எங்களிடம் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

சர்வர் இயந்திரம் நின்று திரும்ப எழும்போதெல்லாம் இவர் ஓடிப்போய், நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் நுழைந்து, தன் கையால் அதை ஓடவிட்டுவிட்டு வருவார். விடுமுறை நாளானாலும் வருவார். சர்வர் அறையைக் கவனிக்கும் நல்ல மனுஷனுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இயந்திரம் எழுந்தவுடன் நிரல் தானே ஓட ஆரம்பிக்கும்படி ஏற்பாடு செய்தார். “இனிமே நீங்க இதுக்குன்னு அலைய வேணாம் சார்” என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அவருக்கு நன்றி சொன்னோம்.

மூன்று வாரம் கழித்து அக்காவுக்கு இருமல். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாள் பொறுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்துதான் இவர் பக்கத்தைத் திறந்தார். ‘வலது நுரையீரலில் சிறு புள்ளி. பழைய தழும்பாக இருக்கலாம்’ என்று அறிக்கை. அடியில் ‘பின்குறிப்பு: எதுவும் இல்லை’. பெரிய டாக்டரும் பார்த்துவிட்டார், அவருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை என்று அதற்கு அர்த்தம். இவர் முகம் மலர்ந்துபோய் உடனே போன் போட்டார்.

“அக்கா, ஒண்ணும் இல்லக்கா. நானே பாத்துட்டேன்.”

மறுமுனையில் அக்காவின் குரல் எனக்கே கேட்டது. “தாள் எங்கடா?”

“தாளெல்லாம் இப்ப கிடையாதுக்கா. எல்லாம் ஸ்கிரீன்லதான்.”

“என்ன ஸ்கிரீனோ போ. நீ பாத்தியில்ல, அது போதும்.”

அக்காவின் டாக்டரும் அதே பக்கத்தைத்தான் பார்த்தார். இருமல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

ஏழு மாதம் போனது. ஒரு நாள் கடையில் அக்கா இருமும்போது கைக்குட்டையில் ரத்தம். மறுபடி ஸ்கேன். படத்தைப் பார்த்த பெரிய டாக்டர், யாரையும் அனுப்பாமல், தானே மாடிப்படி இறங்கி எங்கள் அறைக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததே இல்லை.

“உங்க அக்காவாமே? போன தடவையே எழுதினேனே, ஆறு வாரத்துல திரும்ப எடுங்கன்னு. ஏன் யாருமே எடுக்கல?”

“நீங்க எதுவும் எழுதலையே சார்” என்றார் இவர்.

“எழுதினேன்யா.”

டாக்டர் நின்றுகொண்டே இருந்தார். இவர் சர்வருக்குள் போய் அந்த ஃபோல்டரைத் திறந்தார். அக்காவின் எண்ணில் ஒரு கோப்பு இருந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி. நாலே வரி. ‘இதைத் தழும்பு என்று விட வேண்டாம்’ என்று ஆரம்பித்தது. நானும் படித்தேன்.

டாக்டர் போன பிறகு இவர் செய்த முதல் காரியம், நிரலையே கேட்டது. நீ இப்போது எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடுகிறாய் என்று அதைச் சொல்லவைக்க ஒரு வரி போதும். பதிலாக ஒரே ஒரு சாய்கோடு வந்தது. இயந்திரத்தின் உச்சி ஃபோல்டருக்கு அதுதான் அடையாளம். பிறகுதான் எனக்கும் விளங்கியது. பின்குறிப்பு ஃபோல்டரின் முழு முகவரியை இவர் எழுதவே இல்லை. பெயரை மட்டும் எழுதியிருந்தார். ‘பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வா’ என்று சொல்வது மாதிரி; எந்த வீட்டு வாசலில் நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பக்கத்து வீடு. இவர் கையால் ஓடவிட்டவரை நிரல் சரியான வாசலில் நின்றது. தானாக ஓட ஆரம்பித்த நாளிலிருந்து உச்சியில் போய் நின்றது. அங்கே அந்த ஃபோல்டர் இல்லை. சிவப்பாகக் கத்தியிருக்க வேண்டியது, நாங்கள் வாயைக் கட்டியிருந்ததால், ஏழு மாதத்துக்கும் மேலாக ‘எதுவும் இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

திருத்த எத்தனை வரி என்று கேட்கிறீர்களா? இரண்டு. முழு முகவரிக்கு ஒன்று. படிக்க முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று சொல்ல ஒன்று. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். பிறகு கீபோர்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய சொல்லைக்கூடச் சொல்லவில்லை.

அத்தனை மாதத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த கோப்புகள் நாற்பத்து மூன்று. மேனேஜரிடம் போனோம்.

“சரி பண்ணியாச்சுல்ல? அப்புறம் ஏன் ஊதிப் பெருசாக்கறீங்க?” என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களா என்று நான் கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். இவர் கத்தவில்லை. நாற்பத்து மூன்றையும் தாளில் எடுத்துக்கொண்டுபோய்ப் பெரிய டாக்டரின் மேசையில் வைத்தார். “என் தப்பு சார்” என்றார். அடுத்த இரண்டு நாளும் டாக்டரின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டோம். பாதி அவர், பாதி நான். பலருக்குத் தப்பித்துக்கொள்ள நேரம் இருந்தது. சிலர் வேறு இடத்தில் காட்டிச் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டு வீட்டில், “அவரு இப்ப இல்லைங்க” என்றார்கள். அந்த இரண்டில் ஒன்று எனக்கு வந்தது. போனை எடுத்த பெண்ணின் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அக்காவின் தாளை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். “நீயும் கூட வாம்மா” என்றார். போகாமல் இருக்க எனக்கு என்ன நியாயம் இருந்தது?

கோர்ட் மதிய இடைவேளை. கடையில் ஆள் இல்லை. அக்கா மெலிந்திருந்தாள், ஆனாலும் மிஷின் பக்கத்து ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இவர் நின்றபடியே சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். டாக்டர் எழுதியதை, நிரல் தவறான இடத்தில் தேடியதை, தேட முடியாததை ‘எதுவும் இல்லை’ என்று சொல்லும்படி தானே எழுதிவைத்ததை. அக்கா குறுக்கே பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ யாரும்மா?”

“அவர் எழுதறத சோதிச்சுப் பாக்கறவக்கா.”

“இதையும் பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன பாத்த?”

“சிவப்பா வரலையேன்னு பாத்தேன்” என்றேன். அழுகை வந்துவிட்டது. அக்கா என்னைத் தேற்றவில்லை.

“அப்பவே எடுத்திருந்தா?” என்று தம்பியைக் கேட்டாள்.

“அப்பவே எடுத்திருந்தா… வெட்டி எடுத்திருக்கலாம்னு சொல்றார்க்கா.”

“இப்ப?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வெத்துத் தாள வச்சவன நான் கடைய விட்டு நிறுத்தினேன்” என்றாள் அக்கா. “உன்ன எங்கடா நிறுத்தறது?”

கையை நீட்டித் தாளை வாங்கினாள். நாலு வரியையும் நிதானமாகப் படித்தாள். எழுந்து மிஷினின் மூடியைத் தூக்கி, கண்ணாடியில் வைத்து ஒரு பிரதி எடுத்தாள். எந்தத் தாள் வந்தாலும் அவள் கை அதைத்தான் செய்யும். சூட்டோடு வந்த பிரதியைத் தம்பியிடம் கொடுத்தாள். “இது உங்கிட்ட இருக்கட்டும்” என்றாள். மூலத்தை மடித்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். இவர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். குளிப்பாட்டினார், ஊட்டிவிட்டார், மருந்துப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டினார். அக்கா சிடுசிடுக்கவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. வக்கீல்களைப் பற்றிக் கேலி பேசினாள், என்னைக் கல்யாணம் எப்போது என்று துளைத்தாள். நான் போகும்போதெல்லாம் இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கு என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கண்டவனுக்கெல்லாம் அள்ளி வழங்கிய அந்த ஒரு சொல்லை, அவள் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று காத்திருந்தார்.

கடைசி வரை அக்கா சொல்லவில்லை.