பந்தல்குடி அத்தை பிரித்துக் கொடுத்த குஞ்சுகள்

உள்ளங்கையில் கோழிக்குஞ்சை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு இலேசு, சூடு மட்டும் அதிகம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது விரலுக்குத் தெரியும். கம்பந்தவிடு வாசம் வரும்...

யுத்த காலம். எங்களுக்கு ஊர் பரளச்சி. எனக்கு ஏழெட்டு வயது, எனக்குக் கீழே இரண்டு தங்கைகள்.

அப்போது எங்கள் பக்கம் கோழியை வாரத்துக்குக் கொடுப்பார்கள். கோழி ஒருத்தருடையது, வளர்ப்பது இன்னொருத்தர். பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. அப்பாவின் அக்கா, பந்தல்குடி அத்தை, அப்படித்தான் அம்மாவிடம் ஒரு கோழியை விட்டிருந்தாள்.

அந்த வீட்டில் அம்மாவுக்கென்று ஒன்றும் கிடையாது. ஆடு தாத்தாவுடையது. பாத்திரமெல்லாம் அத்தை கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போனவை. "ஒரே ஒரு பெட்டை எனக்குன்னு தங்கிட்டாப் போதும்டி"ன்னு அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு பெட்டை இருந்தால் முட்டை, அடை, குஞ்சு என்று பெருகும். சேவலை வைத்துக்கொண்டு என்ன செய்ய, குழம்புதான் வைக்கலாம்.

கொண்டை தெரிந்த பிறகுதான் பங்கு பிரிப்பது வழக்கம். அத்தைக்கு அவ்வளவு பொறுமை ஏது! குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிந்த கையோடு, வண்டி கட்டி வந்துவிட்டாள்.

"பருந்து தூக்கிட்டுப் போறதுக்குள்ள எம் பங்கைக் குடுத்துரு, ஞானம்."

"இப்பப் பிரிச்சா எது சேவலு, எது பெட்டைன்னு தெரியாதே மதினி..."

"ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஒவ்வொரு குஞ்சாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். தலையை நிமிர்த்தினால் சேவலாம். தொங்கவிட்டால் பெட்டையாம். எட்டுக் குஞ்சில் நாலு நிமிர்ந்தன, நாலு தொங்கின. தொங்கின நாலையும் தன் கடகப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

"மதினி, ஆளுக்கு ரெண்டு பெட்டையா..."

"கோழி யாருது? குடுத்தவளுக்குத்தான் மொதக் கை."

தாய்க்கோழியையும் பிடித்துக்கொண்டு வண்டியேறும்போது எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "என் தம்பிக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளைக்கு வழியில்ல"ன்னு ஒரு பெருமூச்சு வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வண்டி மாட்டின் மேல் கல்லை விட்டெறியலாமா என்று இருந்தது.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்து, பழைய சேலைத் துணியைப் பானைக்குள் சுருட்டி, தாயில்லாத அந்த நாலு 'சேவலை'யும் அதற்குள் விட்டாள். கம்பை இடித்துப் போட்டாள். நாளாக ஆக, ஒன்றுக்குக் கொண்டை சிவந்தது. மற்ற மூன்றுக்கும் சிவக்கவே இல்லை. சோனிச் சேவல்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் காலையில் அதில் ஒன்று கேறியது... முட்டையிடப் போகிற கோழி போடுமே, அந்தச் சத்தம்! அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வைக்கோலுக்குள் ஒரு சின்ன முட்டை. கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அத்தை கொண்டுபோனதில் மூன்று சேவல். மிஞ்சின ஒற்றைப் பெட்டையையும் தாய்க்கோழியையும் அந்தக் கோடையில் கழிச்சல் நோய் கொண்டுபோய்விட்டது. புயல் மாதிரி வந்தாள்.

"மாத்தி வச்சிட்டியா நீ?"

"தூக்கிப் பாத்தது உங்க கைதான மதினி."

அத்தை குரல் இறங்கி, "வீட்ல ஒரு கோழி இல்ல ஞானம். ஒண்ணு குடேன்" என்றாள்.

"அதுக்கென்ன, வாரத்துக்குத் தாரேன். பாதி எனக்கு."

"அடிப் பாவி!" என்று அத்தை சிரித்தே விட்டாள். கோழியை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

அந்தக் கோழி குஞ்சு பொரித்ததும் நாங்கள் பந்தல்குடி போனோம். "மொதக் கை ஒனக்குத்தான், தூக்கிப் பாரு" என்று அத்தை பெட்டியை நகர்த்தினாள். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டாள்.

"ஏ கிறுக்கி, கண்ணத் தொறந்து பாத்து எடு!"

"எந்தப் பிள்ளைய மதினி நான் பாத்து எடுத்தேன்? வந்தத வளத்தேன்."

நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில்தான் நின்றோம். அதற்குப் பிறகும் அத்தை ஆம்பளைப் பிள்ளைப் பேச்சை விடவில்லை. ஆனால் அம்மா காதுபடப் பேசியதில்லை.

போன வாரம் பேத்தி ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ முட்டைக்கோழிப் பண்ணை. பொரித்த அன்றைக்கே குஞ்சைத் திருப்பிப் பார்த்து, கண் சிமிட்டுகிற நேரத்தில் ஆண் இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம் என்று போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தப்பே வராதாம். ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"ஏத்தா, இந்தச் சேவக் குஞ்செல்லாம் எங்க போகுது?"ன்னு கேட்டேன்.

"அதை மட்டும் கேக்காதீக ஆச்சி"ன்னு போனை வாங்கிக்கொண்டாள்.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கொண்டை சிவக்கிற வரைக்கும் எல்லாக் குஞ்சுக்கும் ஒரே கம்புதான்...

அன்றைக்கு அம்மா கண்ணை மூடி எடுத்ததில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சேவல். தெரிந்த பிறகு தினமும் திட்டிக்கொண்டேதான் தீனி போட்டாள். ஒரு பிடி குறைத்துப் போட்டதில்லை.