ஒயர் வரும் வரை

அன்று காலை எங்கள் பட்டுக்கடையில், செவிலிமேட்டுக் குடோனின் ஸ்டாக் விவரம் கம்ப்யூட்டரில் வரவில்லை. மாம்பழக் கலரில் முகூர்த்தப் புடவை கேட்டுக் கல்யாண வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் யாரிடமோ சொல்லி ஒருவரை வரவழைத்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர். நானிருந்த பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை.

கடையையும் குடோனையும் இணைக்கும் ரூட்டரில், எந்தத் தகவல் எப்படிப் போக வேண்டும் என்று எழுதியிருந்த வழிகளைத் தன் லேப்டாப்பில் திறந்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார். நடுவில் நின்று, மறுபடி மேலிருந்து படித்தார். ஏன் என்று கேட்டேன்.

"குடோனுக்குப் போறத இந்த அட்ரஸ்ல குடுன்னு எழுதி இருக்குது சார். அந்த அட்ரஸ் ரூட்டரோட நேரா சேர்ந்து இல்ல. அதுக்கு எப்படிப் போறதுன்னு இதே லிஸ்ட்ல மறுபடி தேடணும். அது இன்னொரு அட்ரஸக் காட்டுனா, அதையும் தேடணும். கடைசியா ஒரு ஒயர் வர்ற வரைக்கும் ரூட்டர் தேடிக்கினே இருக்கும்."

"ஒயர் வரலன்னா?"

"அந்த வழியே இல்லன்னு விட்டுடும் சார்."

நடுவில் ஒரு வரி அழிந்திருந்தது. அதை எழுதியதும் ஸ்டாக் வந்தது, மாம்பழக் கலரும் இருந்தது. அவரோ ரூட்டரின் பின்னால் கைவிட்டு, ஒயரைத் தொட்டுப் பார்த்த பிறகே கிளம்பினார்.

பெயர் கேட்காதது பிறகு உறுத்தியது. பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டேன். ஏனாத்தூர் கம்ப்யூட்டர் கடையில் கேட்கச் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் தன் மச்சானைக் கேட்கச் சொன்னார்.

"அவரா? எனக்கும் யாரோ சொல்லித்தான் தெரியும்" என்றார் மச்சான்.

ரூட்டராக இருந்தால் அங்கேயே விட்டிருக்கும். நான் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.