நீலம் அணையும் வரை

"பாரு, நீலமா இருக்கா?" என்று கேட்டார் தெக்லா அத்தை. கணப்படுப்பின் இரும்புக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து, உள்ளே கிடந்த கங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால இரவு அது. நானும் குனிந்து பார்த்தேன். "இல்ல அத்தை. சிவப்புதான்."

"நடுவுல எல்லாருக்கும் சிவப்புதான் தெரியும். ஓரத்துல பாரு. அங்கதான் பதுங்கிக்கிட்டு இருக்கும்."

"ஓரத்துலயும் இல்ல."

"இல்லன்னு எவ்வளவு சுலபமா சொல்ற! புத்தகம் படிச்சுப் படிச்சே உன் கண்ணு போயிருக்கும். இன்னொரு தடவ பாரு."

கட்டிலில் சாய்ந்திருந்த அவருடைய கணவர் ரோமெக் கொட்டாவி விட்டார். "பாருங்க, பாருங்க, நல்லாப் பாருங்க. அதுக்குள்ள சூடெல்லாம் மேல போயிடும். விறகு பொளந்தது நான், கூரையில உக்காந்து குளிர்காயறது காக்கா."

"நீ வாயை மூடு."

"வாயை மூடச் சொல்றவ, அந்தப் புகைபோக்கியை மட்டும் மூட விடமாட்டா."

மூன்றாவது முறையும் நான் இல்லை என்றேன். அத்தை முக்காலியில் ஏறினார். கூரையை ஒட்டிப் புகைபோக்கியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, கையில் இரும்பு மூடியோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை வைக்காமலேயே இறங்கிவிட்டார். "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வைக்கலாம். காக்காவும் உயிர்தானே."

லிதுவேனியாவில் இருக்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவின் எல்லா வீடுகளும் மரவீடுகள். எல்லாவற்றிலும் இப்படி ஒரு கணப்பு உண்டு. விறகு எரிந்து கங்காகும்வரை புகைபோக்கி திறந்திருக்க வேண்டும். கங்குகளின் மேல் நீலச் சுடர் ஆடும்வரை அதில் நஞ்சு இருக்கிறது. அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. நீலம் அணைந்தபின் மூடியை வைத்தால் செங்கற்களின் சூடு விடியும்வரை நிற்கும். முந்தி வைத்தால் நஞ்சு அறைக்குள் இறங்கும். பிந்தி வைத்தால் சூடு வானத்துக்குப் போய்விடும். பிந்தி வைப்பவளை ஊதாரி என்று சொல்லும் ஊர் இது. ஆகையால் எல்லோரும் கொஞ்சம் முந்தித்தான் வைக்கிறார்கள்.

தெக்லா அத்தைக்கு ஐம்பத்து மூன்று வயது. நான் லிதுவேனிய மொழி கற்பிக்கும் போலிஷ் மொழிப் பள்ளியில் கோட்டு அறையைப் பார்த்துக்கொள்கிறார். காலையில் பிள்ளைகளின் மேல்கோட்டுகளை வாங்கி மாட்டுவதும், மாலையில் எடுத்துக் கொடுப்பதும் வேலை. இலையுதிர்காலம் வந்துவிட்டதை அவர் மரங்களைப் பார்த்துச் சொல்வதில்லை. கோட்டின் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இன்னைக்கு ஆத்தங்கரையில பனி விழுந்திருக்கு" என்பார். நனைந்த கையுறைகளை வெந்நீர்க் குழாய்களின் மேல் வரிசையாகப் பரப்பி வைப்பார். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவை சுட்ட ரொட்டிபோல இருக்கும். "கையை விடு. சூடா இருக்கா? ஓடு, ஆறிப்போறதுக்குள்ள வீடு போய்ச் சேரு." கழுத்துத்துண்டு இல்லாத பெரிய பையன்களிடம் மட்டும் கறாராக இருப்பார். "ஏன்டா, கழுத்தைத் திறந்து போட்டிருக்க? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

குளிரில் சூடு காண்பதைச் சாப்பாட்டைப்போல ருசித்துப் பேசுகிறவர் அவர். ஒவ்வொரு ஆண்டும் முதல் கணப்பு மூட்டும் நாளுக்காகக் கோடை முழுவதும் காத்திருப்பார். அன்று கணப்பைப் போர்த்தியிருக்கும் பீங்கான் ஓடுகளின் மேல் படிந்த தூசி கருகும் மணம் வரும். நூலில் கோத்த காளான்கள் கணப்பின் உச்சியில் சுருங்கத் தொடங்கும். இரட்டைச் சன்னல்களின் நடுவே பஞ்சை அடைத்து, அதன் மேல் சிவப்புப் பழக்கொத்து ஒன்றை வைப்பார். ராஸ்பெர்ரி ஜாம் கலந்த தேநீரோடு கணப்பின் வெள்ளை ஓட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார். "முதல்ல முழங்காலுக்கு வரும். அப்புறம் வயித்துக்கு. மனசுக்குக் கடைசியாத்தான் வரும். அதுவரைக்கும் யாரும் எங்கிட்ட பேசக்கூடாது."

சென்ற ஆண்டு அக்டோபரில் ஒரு நாள், அத்தை பள்ளியில் இருந்தபோது, ரோமெக் கணப்பை மூட்டினார். அவர் ஜெர்மனிக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவர். அன்று காலைதான் திரும்பியிருந்தார். மனைவி வரும்போது வீடு சூடாக இருக்கட்டும் என்று நினைத்தார். பார்த்தார், சிவப்பாகத் தெரிந்தது. மூடியை வைத்துவிட்டுப் படுத்தார்.

அத்தை பிற்பகலில் வந்தார். வெளியே ஊசிபோலக் குளிர். கதவைத் திறந்ததும் மாவுப்பண்டம் வேகும் வீடுபோல வெதுவெதுப்பு முகத்தில் வந்து மோதியது. "அந்த மாதிரிச் சூடு என் வாழ்க்கையிலேயே கண்டதில்ல" என்று பின்னால் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. "பூட்ஸைக்கூடக் கழட்டலை. கணப்புப் பக்கம் பெஞ்சுல உக்காந்தேன். முழங்காலுக்கு வந்துச்சு, வயித்துக்கு வந்துச்சு. மூடியைப் பாக்கணும்னு தோணிச்சு. பாக்கலாம், இப்ப என்ன அவசரம்னு அதுவே பதிலும் சொல்லிச்சு. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதான் பயம். கெட்டதா இருந்திருந்தா எந்திரிச்சிருப்பேன்."

அன்று ஒரு மாணவனின் தாய், பள்ளியில் காணாமற்போன குல்லாவைத் தேடி அத்தையின் வீட்டுக்கு வந்தாள். ஈரமான குல்லாக்களை அவர் சில சமயம் வீட்டுக்கே கொண்டுவந்து உலர்த்துவார் என்பது ஊருக்குத் தெரியும். சன்னலைத் தட்டி, "எங்க பையன் குல்லா இங்க இருக்கா?" என்று கத்தினாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் தான் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார் அத்தை. நாள் முழுதும் குல்லா கேட்கும் குரலுக்கு எழுந்து பழகிய கால்கள் தாமாகவே எழுந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். "என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டுப் படியில் விழுந்தார்.

அந்தப் பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ரோமெக்கைப் போர்வையோடு முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ரோமெக் பெருங்குரலில் சிரித்தார். "ஒரு தலைவலி. அதுக்கு ஊரே கூடி என்னை உள்டவுசரோட முற்றத்துல போட்டுட்டீங்களே." ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தச் சின்னக் கதவின் பக்கம் போவதேயில்லை. வீட்டில் இருக்கும் நாட்களில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டே தூங்குகிறார்.

இந்த ஆண்டு குளிர் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ரோமெக் மீண்டும் ஜெர்மனிப் பாதையில் இருக்கிறார். அத்தை கணப்பை மூட்டாமலில்லை. மூட்டுகிறார், கங்குகள் கறுத்துச் சாம்பலாகும்வரை மூடியைத் தொடுவதில்லை. அதற்குள் செங்கற்களும் பாதி ஆறிவிடுகின்றன. மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்சச் சூட்டிலும் அவரால் கண்ணை மூட முடியவில்லை. உடம்பு இளகத் தொடங்கியதும் திடுக்கிட்டு எழுந்து சன்னலைத் திறந்துவிடுகிறார். குளிர்ந்தால்தான் உயிரோடிருக்கிறோம் என்று நிச்சயமாகிறதாம். குளிர்ந்தபின் எங்கே தூங்குவது?

நஞ்சு வந்தால் கூவும் கருவி ஒன்றை நான் தலைநகர் வில்னியுஸிலிருந்து வாங்கி வந்து சுவரில் மாட்டினேன். அதன் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னும். அத்தை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது முழிச்சிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"விளக்கு மின்னுதே அத்தை."

"ரோமெக்கும்தான் அன்னைக்குக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தான். நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சேன்." எழுந்து விளக்கை விரலால் தட்டினார். "இது செத்துப்போனா எனக்கு யார் சொல்றது?"

புகைபோக்கி துடைப்பவரை இரண்டு முறை அழைத்தார். அவர் வந்து பார்த்து, எல்லாம் சுத்தம் என்றார். "உங்க புகைபோக்கிக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க போய் டாக்டரைப் பாருங்க." அத்தை அவருக்கு ஆப்பிள் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியபின் திட்டினார்.

அவர் முகம் வற்றிக்கொண்டே வந்தது. வகுப்பு நடக்கும் நேரத்தில் கோட்டு அறைக்குப் போனால், தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு முறை சிறுமி ஒருத்திக்கு வேறொருத்தியின் கோட்டை மாட்டிவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடியே பொத்தான்களைக் கழற்றினார். இப்படியே போனால் பனிக்காலம் முடிய அவர் இருக்கமாட்டார் என்று நான் பயந்தேன். அதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மொழி படித்தும் தேவையான நேரத்தில் ஒன்றும் வாயில் வருவதில்லை எனக்கு.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில், அவரே என்னை வீட்டுக்கு அழைத்தார். வேலை இருக்கிறது என்றார். காலையிலேயே கணப்பு எரிந்து முடிந்திருந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நீலம் இல்லை. சாம்பலைக் கிளறிப் பார்த்தோம். இல்லை. அவர் முக்காலியில் ஏறி மூடியை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. பிறகு இறங்கி, கோட்டைக் கழற்றினார், பூட்ஸைக் கழற்றினார், ஓட்டுச் சுவரை ஒட்டியிருந்த பெஞ்சில் நீட்டிப் படுத்தார். வெளியே ஈரப்பனி மண்ணில் விழுந்து கரைந்துகொண்டிருந்தது. அறையில் காய்ந்த காளானின் மணம்.

"என்ன வேலை அத்தை?" என்றேன்.

அவர் என் வலது கையைப் பிடித்து இழுத்து, தன் விலாவில் மூச்சு ஏறி இறங்கும் இடத்தில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"நான் தூங்கணும், சாபின்கா. நீ இப்படியே உக்காந்திரு. அப்பப்ப உலுக்கி எழுப்பு. திட்டினேன்னா நல்லது, தூங்க விட்டுடு. திட்டலைன்னா யாரையும் கூப்பிட்டுக்கிட்டு நிக்காதே, காலைப் பிடிச்சு முற்றத்துக்கு இழுத்துடு."