பசறை மலையில் குரல் போன ரதி

ஓபராவுக்காக நான் இதுவரை அழித்த காசைச் சேர்த்து வைத்திருந்தால் வெள்ளவத்தையில் ஒரு சின்ன வீடு வாங்கியிருக்கலாம் என்பது என் தம்பியின் கணக்கு. இந்த வலைப்பூவை வழமையாக வாசிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். வியன்னாவில் நின்று பார்க்கும் டிக்கெட்டுக்காக மழையில் வரிசையில் நின்றதையும், மிலானில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்துப் பாதி மேடையை மட்டும் பார்த்துவிட்டு வந்ததையும் எழுதியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓபரா என்றால் கதை முழுவதையும் பாடியே நடிப்பது. கோபம் வந்தாலும் பாட்டு, கதவைத் திற என்றாலும் பாட்டு, கத்திக்குத்து வாங்கி விழுந்த பிறகும் கால் மணிநேரம் பாட்டு.

அந்த மிலான் பதிவின் கீழே பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து செல்வம் என்பவர் ஒரு பின்னூட்டம் போட்டிருந்தார். “அக்கா, நீங்க சொல்ற மாதிரி கதை பூரா பாட்டாவே ஆடுறது எங்க தோட்டத்துலயும் வருசா வருசம் இருக்கு. காமன் கூத்து. விடிய விடிய நடக்கும். டிக்கெட்டும் கெடையாது, தூணும் கெடையாது. நான்தான் ரதி. வாங்க.” தூண் கிடையாது என்ற ஒரு சொல்லுக்காகவே கிளம்பிவிட்டேன். மாசிப் பௌர்ணமிதான் கூத்து நாள்.

கொழும்பு கோட்டையிலிருந்து காலை எட்டரை மணி ரயில். பதுளைதான் கடைசி நிலையம், அதனால் தூங்கிவிட்டாலும் பயமில்லை. இரண்டாம் வகுப்பு முன்பதிவுக்கு இரண்டாயிரம் ரூபாய் ஆனது. பண்டாரவளையில் ஏறிய உளுந்துவடை சூடாக இருந்தது, அதற்கு முந்தைய நிலையங்களில் வாங்கியவை அப்படியில்லை. பதுளையில் இறங்கும்போது மாலை ஆறரை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு ஓர் அறை, சுடுதண்ணீர் உண்டு என்றார்கள். உண்டுதான், காலையில் கால் மணிநேரம் மட்டும்.

மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை என்பதால் பஸ்கள் குறைவு. பதுளையிலிருந்து பசறைக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை, ஒரு மணிநேரம் பிடித்தது. பசறைச் சந்தியில் நியாஸ் என்ற ஆட்டோக்காரர் தோட்டத்துக்குத் தொள்ளாயிரம் கேட்டார். நான் பேரம் பேசவில்லை, ஏழு கிலோமீட்டர் ஏற்றம் என்பது அந்த ஆட்டோவின் முனகலிலேயே தெரிந்தது.

“காமன் கூத்துக்கா மேடம்? நல்ல நேரத்துல வந்தீங்க, ஆனா இந்த வருசம் சிக்கலாச்சே,” என்றார் நியாஸ்.

“ஏன் தம்பி, என்ன நடந்தது?”

“ரதி ஆடுறவருக்குத் தொண்டை போயிருச்சுங்க. முந்தாநாள் மலையில கொளவி கெளம்பிருச்சு. செல்வம் அங்க கங்காணி. கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க அந்தப் பக்கத்துச் சரிவுல. இவரு இந்தப் பக்கத்துலருந்து ஓடு ஓடுன்னு கத்தியிருக்காரு. கடைசி ஆளு ரோட்டுக்கு எறங்குற வரைக்கும் நிறுத்தலையாம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. இவருக்குத்தான் ரெண்டு கொட்டு, குரலும் போச்சு.”

குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தில் புதிதில்லை. எல்லோரும் உயிர் தப்பியதே பெரிய விஷயம். ஆனாலும் ஒரு பாடகரைப் பார்க்கப் போகிற வழியில் அவருக்குக் குரல் இல்லை என்று கேட்டால் மனம் சுயநலமாகத்தான் வேலை செய்கிறது. ஐயோ என் இரண்டாயிரம் ரூபாய் என்றுதான் முதலில் நினைத்தேன். இதை மறைத்து என்ன பயன்.

செல்வத்தின் வீடு லயத்தில் மூன்றாவது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், எல்லா வாசலிலும் மாவிலை. முப்பத்தைந்து வயது இருக்கும். ரதி வேஷத்துக்காக மீசையை மழித்திருந்தார், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதுதான் காப்பு. காமன் கம்பத்தை நட்ட அன்று ஆடுகிறவர்களுக்கு மட்டும் கட்டுவது, கட்டினால் கூத்து முடியும்வரை மச்சம் மாமிசம் இல்லை, வெளியூரில் இரவு தங்குவதில்லை. என்னைக் கண்டதும் கைகூப்பினார். வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. அவர் மனைவி புவனாதான் பேசினார்.

“டாக்டரு ஒரு வாரம் வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க அக்கா. நாங்களும் இஞ்சி, தேன், கொத்தமல்லி எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு.”

ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வந்தன. மூலையில் நாலு வயதுப் பெண் குழந்தையொன்று அப்பாவின் ரதிச் சலங்கையை ஒற்றைக் காலில் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி புவனா சொன்னது இது. குழந்தை கைப்பிள்ளையாக இருந்தபோது மூச்சு விட முடியாமல் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது செல்வம் காமனுக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் மூன்று வருசம் தொடர்ந்து ரதி ஆடுவேன், இடையில் விடமாட்டேன். பிள்ளை பிழைத்தாள். இரண்டு வருசம் ஆடியாகிவிட்டது. இது மூன்றாவது.

“இந்த வருசம் விட்டா முந்துன ரெண்டும் கணக்குல வராது. பாப்பாவுக்கு எதுனா ஆயிருமோன்னு இவரு ரெண்டு நாளா தூங்கல அக்கா,” என்றார் புவனா. செல்வம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நேர்த்திக்கடனில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அதை அங்கே சொல்ல நான் என்ன பேயா?

மதியத்துக்குப் பிறகு காமன் பொட்டலுக்குப் போனோம். பொட்டல் என்பது லயங்களுக்கு மேலே உள்ள சமதரை. நடுவில் காமன் கம்பம், சுற்றிச் சாணி மெழுகிய வட்டம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வட்டத்துக்கருகே போகவேண்டும், குறித்துக்கொள்ளுங்கள். அங்கே கூத்தை நடத்தும் சிவலிங்கம் வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு எடுக்கிறவர், கூத்துக்கும் அவரே வாத்தியார். ரதி பாட்டுத் தெரிந்த இன்னொருவர் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாராம். மற்றவர்களுக்கெல்லாம் வேறு வேஷம் இருக்கிறது.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. ஜெர்மனியில் ஓர் ஊரில் நான் பார்த்ததைச் சொன்னேன். அன்றைக்குக் கதாநாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் மேடையில் நடித்தார், வாயை மட்டும் அசைத்தார். மேடை ஓரத்தில் இன்னொரு பெண் சாதாரண உடுப்போடு நின்று முழுப் பாட்டையும் பாடினார். ஐந்து நிமிஷத்தில் நாங்கள் ஓரத்தில் நின்றவரை மறந்துவிட்டோம்.

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்ல யோசனதான். அங்கயும் காப்புக் கட்டுவாங்களாங்க?”

“இல்லை, ஒப்பந்தம் எழுதுவினம்,” என்றேன்.

“அப்ப அவங்களுக்குச் சுளுவு. இங்க காப்புக் கட்டாதவங்க பொட்டல்ல நின்னு ரதி பாட்டப் பாட முடியாதுங்க. இப்ப புதுசாக் கட்டவும் முடியாது. கம்பம் நட்ட அன்னைக்கோட சரி.”

அதற்குள் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அன்றைக்குக் குளவிச் சரிவில் நின்றவர்கள். கூத்துக்கு ஒரு மாதம் முன்பே செல்வம் மலையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டே ரதி பாட்டைப் பாடிப் பழகுவாராம். மீசையில்லாத கங்காணியைக் கிண்டல் பண்ணியபடி கொழுந்து எடுத்த இவர்களுக்கு மூன்று வருசப் பாட்டும் மனப்பாடம். அவர்களில் சரோஜா என்பவர் இடுப்பில் கை வைத்து முன்னே வந்தார்.

“வாத்தியாரே, நாங்க பாடுறோம்.”

“காப்பு இல்லயே சரோஜா.”

“காப்பு கட்டுறது கைக்குத்தானே, தொண்டைக்கா கட்டுறீங்க? கட்டுன கை உள்ள ஆடட்டும். நாங்க வட்டத்துக்கு வெளிய ஒக்காந்து பாடுறோம். வெளிய ஒக்காந்து பாட்டுப் பாடக் கூடாதுன்னு சாமி சொல்லிருச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. பெண்கள் ரதி பாட்டைப் பாடியதாக அந்தத் தோட்டத்தில் யாருக்கும் நினைவில்லை. தவறினால் பேச்சு அவர் தலையில்தான் விழும். கடைசியில் எழுந்து, ஒரு குச்சியால் வட்டத்துக்கு வெளியே கோடு கிழித்தார். “இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது,” என்றார். செல்வம் சரோஜாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

இரவு எட்டு மணிக்குத் தப்பு மேளம் முழங்கத் தொடங்கியது. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவன்மேல் மன்மதன் மலர்க்கணை விடுகிறான், இங்கே அவனுக்கு மதன் என்று பெயர். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுகிறார். ரதி புருஷனின் உயிரைக் கேட்டு அழுகிறாள். ஆனால் எரிவதற்கு முன்னால் கல்யாணம், ஊடல், கேலி என்று விடிகிறவரை இருக்கிறது. நடுவில் ஆட்கள் எழுந்து போகிறார்கள், கடலை வாங்கி வருகிறார்கள், பிள்ளையைத் தூங்கவைக்கிறார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓபராப் பழக்கத்தில் திரும்பி ‘ஸ்ஸ்’ என்றேன். அவர்கள் நான் குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்து ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டார்கள்.

ரதி பச்சைச் சேலையில் வந்தபோது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செல்வத்தின் வாய் அசைய, குரல் கோட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர், “இது என்னாங்க புதுப் பழக்கம்?” என்று சத்தமாகவே கேட்டார். சரோஜா நிறுத்தவில்லை. முதல் பாட்டில் குரல் ஓர் இடத்திலும் ரதி இன்னோர் இடத்திலுமாக நின்றார்கள். இரண்டாவது பாட்டில் செல்வம், சரோஜா மூச்சு எடுக்கும் இடத்தைப் பார்த்துத் தோளை ஏற்றக் கற்றுக்கொண்டுவிட்டார். ஊடல் பாட்டு வந்தபோது கேள்வி கேட்டவரே முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

மதன் எரிந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. மதனுக்காகக் குவித்திருந்த வைக்கோல் கொழுந்துவிட்டு எரிந்து சட்டென்று அடங்கியது. தப்பு நின்றது. ரதி தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சாம்பலைச் சுற்றி நடந்தார். சரோஜா புலம்பல் பாட்டை எடுத்தார். இரண்டு வரி பாடியிருப்பார். புருஷனைத் தேடி ஒவ்வொரு திசையாகக் கூப்பிடும் இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அழுகிறார், பாட்டு வரவில்லை.

செல்வம் வட்டத்துக்குள் நின்றுவிட்டார். முகத்தில் இருந்தது ரதியின் பயமா அவருடைய பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாயைத் திறந்தார். உண்மையாகவே பாடப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஒன்றும் வெளியே வரவில்லை.

அப்போது சரோஜாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் விட்ட வரியை எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் சேர்ந்தார். பிறகு அந்தக் குளவிச் சரிவுப் பெண்கள் எல்லோரும். பிறகு லயத்துப் படிகளில் குந்தியிருந்தவர்கள், பிள்ளையை மடியில் போட்டிருந்தவர்கள், என் முதுகுப் பக்கத்துப் பேச்சுக்காரர்கள் எல்லோருமாகப் பாடினார்கள். சுருதி சேரவில்லை. சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அத்தனை குரலுக்கும் நடுவில் ஒரு ஆள், ஒரு சேலை, ஒரு திறந்த வாய். நான் அழுதேன். மூக்கைச் சிந்திய சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மாசிப் பௌர்ணமியன்று பஸ்ஸை நம்பாதீர்கள், ஆட்டோக்காரரிடம் முதல் நாளே திரும்பும் நேரத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரும் தொப்பியும் கட்டாயம். எல்லாத் தோட்டத்திலும் கூத்து நடப்பதில்லை, நடக்கும் தோட்டத்தில் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது. ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். ரதி அழும்போது கைதட்ட வேண்டாம், நான் தட்டப்போய்ப் புவனா என் கையைப் பிடித்து இறக்கினார். கழிப்பறை வேண்டுமென்றால் லயத்தில் ஏதாவது வீட்டில் கேளுங்கள், மாட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உலகத்து ஓபரா வீடுகளில் எனக்கு எந்த இருக்கை பிடிக்கும் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். சாணி மெழுகிய வட்டத்துக்கு வெளியே, கோட்டுக்குப் பக்கத்தில், பாடத் தெரிந்தவர்களோடு நெருங்கி உட்காரும் இடம் என்று இனிமேல் சொல்வேன்.

காலை ஏழரைக்கு நியாஸ் ஆட்டோவோடு வந்தார். செல்வம் வேஷத்தைக் கலைக்காமல், தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் நின்றார். பேச முடியாது, கையை மட்டும் உயர்த்தினார். ஆட்டோ இறக்கத்தில் இறங்கத் தொடங்கிய பிறகு நியாஸ் கேட்டார்:

“கடைசில என்னாச்சு மேடம்? வேஷம் கட்டியிருக்காரு, குரல்தான் இல்லயே. அப்ப இந்த வருசம் ரதி யாரு?”

“செல்வம்தான்,” என்றேன். “மூண்டாவது வருசமும் ஆடி முடிச்சிட்டார்.”