ஓர் ஓட்டைகூட விடாதவர்

அந்தத் தெருவில் அவருக்குச் 'சொட்டு சார்' என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சொட்டு மருந்துக் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே மருந்தெல்லாம் இல்லை, வெறும் பச்சைத் தண்ணீர். சுவரிலும் தரையிலும் நீர் புகாமல் தடுக்கும் பூச்சை விற்பது அவர் தொழில். எதிரில் ஓர் ஆள் கிடைத்தால் போதும், பூச்சு அடித்த ஓடு ஒன்றை எடுத்து மேலே ஒரு சொட்டு விடுவார். அது முத்தாகத் திரண்டு உருண்டு ஓடும். "பாத்தீங்களா? ஒட்டவே ஒட்டாது!" என்பார், தண்ணீரையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி.

இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அவர் மனைவிக்குப் புளித்துப்போயிருந்தது. அவள் தையல்காரி. மாடிப்படி வந்து இறங்கும் அறையில்தான் அவள் மெஷின். வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மெஷினால்தான். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவர் அதை மட்டும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மொட்டை மாடியில் ஒரு விரிசல் இருந்தது. சொரசொரப்பான பழைய சிமெண்டுத் தளம் மழையைக் குடித்து, ஆற அமரக் கீழே இறக்கி, மெஷினுக்குப் பக்கத்தில் சொட்டும். அவள் கேட்டதெல்லாம் அந்த விரிசலை அடைக்கச் சொல்லித்தான். ஆனால் அது அவர் பெருமைக்குப் போதுமா? கோடையில் மாடி முழுவதையும் பூசினார். கம்பெனித் துண்டுத்தாளில் 'ஓர் ஓட்டைகூட விடாமல் பூசவும்' என்று போட்டிருந்ததாம். மூலையில், படிக்கதவை ஒட்டி, மழைநீர் வெளியேறும் குழாயின் வாயையும் தகடு வைத்து மூடி, அதன்மேல் இரண்டு கை பூசிவிட்டு வந்தார்.

"அப்ப மழைத் தண்ணி எது வழியாப் போகும்?" என்று கேட்டாள் அவள்.

"இதுல தண்ணி நிக்கவே நிக்காது. உருண்டு ஓடிடும்."

"எங்க ஓடும்?"

"அதான் ஓடிடும்னு சொல்றேன்ல!"

இதற்குமேல் பேசினால் வாய்தான் வலிக்கும். அவளுக்கோ தலைக்குமேல் வேலை. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கும் வேலை வந்திருந்தது. முதல் தடவை கறையில்லாமல், சொன்ன நாளில் கொடுத்துவிட்டால் வருஷம் முழுக்கத் தையல் அவளுக்குத்தான். தெருமுனையில் சொந்தக் கடை போடலாம். பல வருஷமாக மனசுக்குள் வைத்துப் பொத்திப் பொத்திக் காத்த ஆசை அது.

கோட்டுகளைக் கொடுக்க வேண்டிய நாளில்தான் முதல் மழை வந்தது. கூடவே புது வீடு கட்டும் ஒருவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார் சொட்டு சார். "குடை பிடிச்சுக்கிட்டுப் பாருங்க சார், நிஜ மழையிலேயே காட்டுறேன்!" குரலில் கல்யாண மாப்பிள்ளையின் குதூகலம்.

துளிகள் உருண்டன, உண்மைதான். உருண்டதெல்லாம் கொத்தனார் வைத்த சரிவில் மூலைக்குப் போய், வழியில்லாமல் தேங்கி, கதவுப் படியைத் தாண்டியது. அவள் தலை நிமிர்ந்தபோது தண்ணீர் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. சிமெண்டுப் படிகளில் தயங்கித் தயங்கி நனைத்துக்கொண்டு வந்தது, அறையின் வழுவழுப்பான தரையைத் தொட்டதும் ஒரே ஓட்டமாக மெஷினை நோக்கி ஓடியது. அவள் துணிக்கட்டுகளை வாரிக் கட்டில்மேல் போட்டாள்.

அவரும் ஓடி வந்தார். உதவிக்குத்தான் வருகிறார் என்று நினைத்தாள். தைத்து முடித்த ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு, "அந்த ஆள் பாத்துட்டா மானம் போயிடும்!" என்று மேலே பாய்ந்து, கதவுப் படியில் அணை கட்டினார். பருத்தித் துணி, மாடி அழுக்கையெல்லாம் சேர்த்து ஆனமட்டும் குடித்தது.

அவள் மேலே போனாள். கத்தவில்லை. கத்துவதற்குக்கூட ஒரு மரியாதை வேண்டும், அது அவளிடம் தீர்ந்துபோயிருந்தது. கோட்டுகளை உருவி எடுத்தாள். "சார், நீங்க உள்ள வந்துடுங்க" என்று வீடு கட்டுகிறவரை உள்ளே அழைத்துக்கொண்டாள். புருஷனை மாடியிலேயே விட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, படியோரம் சுருட்டி வைத்திருந்த அவருடைய விளம்பரப் பேனரை எடுத்து அடி இடுக்கில் மடித்துத் திணித்தாள்.

"ஏய், கதவைத் திற! தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு!"

"ஓடிடும்னீங்களே. கொஞ்சம் ஓடச் சொல்லுங்க."

வீடு கட்டுகிறவர் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கி, அப்படியே தெருவில் நடந்துவிட்டார். மேலே தகட்டைக் காலால் உதைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஒரு கட்டு நனைந்துவிட்டது, துவைத்துத்தான் தர முடியும் என்று மறைக்காமல் சொன்னாள். தலைமை நர்சு, "மத்ததை இன்னைக்கு அனுப்புங்கம்மா. அதை நாளைக்குக் குடுங்க" என்றாள். அவள் போனை வைத்துவிட்டு, அழுக்கான கோட்டுகளை வாளியில் ஊறப்போட்டாள்.

மேலே குழாயில் கடகடவென்று தண்ணீர் இறங்கியது. அவள் போய்த் தாழைத் திறந்தாள். உச்சி முதல் பாதம் வரை சொட்டச் சொட்ட உள்ளே வந்தவர், அழுக்குக் கோட்டுகள் ஊறிய வாளியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"பாத்தியா? சீலிங்ல ஒரு சொட்டு கூட ஒழுகல!"

கடை பார்க்கும்போது, பின்னால் படுத்துக்கொள்ள ஓர் அறையும் இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.