ஒன்று, பூச்சியம், இரண்டு

என் மகளுக்கு, நிலத்துக்குக் கீழே போகும் மின்கேபிள்களைப் பழுதுபார்க்கிற வேலை. இதை இப்படி நேராகச் சொல்ல எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் டொக்டர், இஞ்சினியர் என்று போக, இவள் கனத்த சப்பாத்தும் மஞ்சள் சட்டையும் போட்டுக்கொண்டு கொம்பனி வான் வண்டியில் போனாள். கோயிலில் யாராவது விசாரித்தால், "கரண்ட் கொம்பனியில நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு, என்ன வேலை என்று அடுத்த கேள்வி வருவதற்குள் செருப்பைத் தேடப் போய்விடுவேன்.

மூன்று நாட்கள் கரண்ட் இல்லாமல் சமாளிக்க ஆயத்தமாக இருங்கள் என்று நாட்டில் எல்லோருக்கும் அரசாங்க அறிவித்தல் வந்தபோது நான் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்டைக் கண்ணால் காணாமல் இருந்தவனுக்கு மூன்று நாள் பாடம் எடுக்கிறார்கள்! மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பெரிய ஃபிரீசர்கள். ஒன்றில் மீன், கணவாய், இறால், ஆட்டிறைச்சி. மற்றதில் முருங்கைக்காய், தேங்காய்ப்பூ, ஓகூஸ் நகரம் வரை காரோடிப்போய் வாங்கிவந்த இன்னும் பல.

"மூண்டு நாளில எல்லாம் நாறிப்போகும். நீங்கள் சிரிச்சுக்கொண்டு இருங்கோ," என்றாள்.

அந்த வாரமே ஒரு ஜெனரேற்றர் வாங்கினேன். அதை வீட்டோடு இணைக்கும் வயரை நானே செய்தேன். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர். ஒரு பக்கத்தை ஜெனரேற்றரில் கொழுவி, மற்றப் பக்கத்தைச் சுவரில் உள்ள ஏதாவது ஒரு பிளக் துளையில் கொழுவினால், கரண்ட் தலைகீழாக ஓடி வீடு முழுவதும் வந்துவிடும். ஊரில் அந்த நாட்களில் கலியாண வீடா, செத்த வீடா, எல்லா இடத்திலும் இந்த வயர்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் எங்கள் கெட்டித்தனம் இல்லை. தெருக்கம்பியில் கரண்டும் இல்லை, அதைத் திருத்த வருகிற மனிதரும் இல்லை. அவ்வளவுதான். இங்கே மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் கொழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இணையக் கேபிளை நிலத்தில் தாழ்க்க வந்தவர்களின் மண் தோண்டும் இயந்திரம் எங்கள் தெருவின் மின்கேபிளை வெட்டிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசப் புளுகம். மாதக்கணக்காகக் காத்திருந்தது வேறு எதற்கு? ஜெனரேற்றரைத் தோட்டத்தில் வைத்து, வயரை யன்னலால் விட்டு, உடுப்புத் தோய்க்கிற மெஷினின் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் கொழுவினேன். கயிற்றை இழுத்தேன். ஓடியது, உடனேயே முக்கித் திணறி நின்றுபோனது. அப்போதுதான் மூளையில் பட்டது, மெயினை நிறுத்தவில்லை. தெரு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கப் பார்த்துக் களைத்துவிட்டது, பாவம் என்று நானே சிரித்துக்கொண்டு மெயினை நிறுத்தி, மறுபடி இழுத்தேன். ஃபிரீசர் இரண்டும் உறுமத் தொடங்கின. மனைவி தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள்.

பின்னேரம் மகள் சாப்பிட வந்தாள். புட்டும் மீன்குழம்பும். அவள் கதை சொல்வது தாய்க்குத்தான். நான் பக்கத்தில் இருந்து கேட்பேன்.

"இண்டைக்கு உங்கட மூலையில இருக்கிற பெட்டியிலதான் வேலை, அம்மா," என்றாள். தெருவோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. நிலக்கேபிள்கள் அதற்குள்தான் வந்து சேரும். "கரண்ட் இல்லையெண்டு கருவியால பார்த்திட்டம். அடுத்தது நிலத்துக்குப் பிடிக்கிற எர்த் வயரைக் கொழுவ வேணும். நான் குனிஞ்சு கையைக் கொண்டுபோறன், என்னோட வேலை செய்யிறவர் எடுக்காமல் வச்சிருந்த கருவி வீர் எண்டு கத்துது. ஒரு செக்கன்தான். பிறகு ஒண்டுமில்லை. என்ர கை ஒரு சாண் தள்ளி நிண்டது. ஆரின்ரையோ வீட்டுச் சோலாரில இருந்து திரும்பி வந்திருக்கு எண்டு நினைக்கிறம்."

எழும்பிப் போய்க் கை கழுவினேன். வயரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"சோலார் இல்லைப் பிள்ளை. நான்தான்."

அவள் இரண்டு பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "மெயின்?" என்று கேட்டாள்.

"மறந்துபோனன்."

காற்சட்டைப் பையிலிருந்து வயர் வெட்டுகிற குறட்டை எடுத்து இரண்டு பிளக்குகளையும் நறுக்கினாள்.

"இதை நான் வேலையில எழுதிக் குடுக்க வேணும்."

"ஆர் எண்டு எழுதுவாய்?"

"அப்பா எண்டு."

புட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவளின் வான் தெருமுனை தாண்டியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுக்கிற பிள்ளை என்று மனைவியிடம் கத்தினேன். அவள் கோப்பைகளை அடுக்கியபடி, "அவளின்ர கை எரிஞ்சிருந்தா, அதையும் கோயில்ல சொல்லாமல் மறைச்சிருப்பியளோ?" என்று கேட்டாள். எனக்கு இருந்தது கோபமே இல்லை. பயம். ஒரு சாண் என்று அவள் சொன்னதை மேசையில் கையை விரித்து அளந்து பார்த்தேன்.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. வந்தபோது ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதிகம் பேசாத டேனிஷ்காரர். அனுமதி உள்ளவர்தான் வீட்டு வயரிங் வேலையைச் செய்யலாம், அவள்கூடச் செய்யக்கூடாதாம். ஜெனரேற்றரிலிருந்து எது எதற்குக் கரண்ட் வேண்டும் என்று அவர் கேட்க, நான் வாயைத் திறக்குமுன் மனைவி விரல்விட்டு எண்ணினாள்: ஃபிரீசர் இரண்டு, வெந்நீர்ப் பம்ப், குசினி லைட், மிக்சி. மிக்சிக்கு அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குள் வெளிச்சுவரில் ஜெனரேற்றருக்கென்றே ஒரு இணைப்பும், உள்ளே கரண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சேஞ்சோவர் சுவிச்சும் வந்தன. இடையில் மனைவி பொரித்த ஐந்து ரோல்ஸ் சாப்பிட்டார்.

சிவப்புப் பிடி வைத்த சின்னச் சுவிச். ஒன்றில் வைத்தால் தெருக் கரண்ட். இரண்டில் வைத்தால் ஜெனரேற்றர். நடுவில் பூச்சியம், இரண்டும் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"மெயினை நிப்பாட்டினாச் சரிதானே? அதுக்கு ஏன் இன்னொண்டு?"

"மெயினுக்கு உங்கட ஞாபகம் வேணும், அப்பா. இதுக்கு வேண்டாம்," என்றாள் மகள். "இப்ப ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் காட்டுங்கோ."

நான் விடுவேனா? மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன், வெடுக்கென்று திருப்பிப் பார்த்தேன், நடுவில் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். ஒன்றை விடாமல் இரண்டுக்குப் போகவே முடியாது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் தோற்றேன் என்று ஞாபகமில்லை. தோற்கத் தோற்க மனம் இலேசானது.

மார்ச் மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வெட்டுப்பட்ட கேபிளில் தற்காலிகமாகப் போட்ட இணைப்பை மாற்றப் போகிறார்கள், காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் இருக்காது. ஒன்பதுக்குப் பிடியைப் பூச்சியத்தில் வைத்தேன். வெளியே போய் ஜெனரேற்றரை ஓடவிட்டேன். அதன் சத்தம் சீரானதும் உள்ளே வந்து இரண்டுக்குத் திருப்பினேன். பிறகு ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு மூலைக்கு நடந்தேன். அவள் வேலை செய்வதை நான் அதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

சாம்பல் பெட்டி திறந்திருந்தது. மகள் அதன் முன்னால் முழங்காலில் இருந்தாள். எங்கள் வீட்டு ஜெனரேற்றரின் இரைச்சல் அங்கே வரைக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். என்னைக் கண்டதும், "அங்கையே நில்லுங்கோ," என்றாள். பிறகு, "எதில நிக்குது?" என்று கேட்டாள்.

"ரெண்டில."

தலையாட்டினாள். கருவியை ஒவ்வொரு கேபிளிலும் வைத்துப் பார்த்தாள். அது சத்தம் போடவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். வீட்டுப் பக்கம் ஜெனரேற்றர் இரைந்துகொண்டேயிருந்தது. அவள் கையுறையை இழுத்துச் சரிசெய்து, என் பக்கம் திரும்பிப் பார்க்காமலே, கையை உள்ளே விட்டாள்.