பசுவின் பின்பாதி

இரண்டாவது புருவம் ஒட்டவில்லை. பசையை ஊதிக் காயவைத்து மறுபடி அழுத்தினாள். விரலோடு வந்துவிட்டது. மணி ஐந்து ஐம்பது. ஆறு மணிக்கு வாசல் விளக்கைப் போட வேண்டும். ஆர்லிஸ் ஒற்றைப் புருவத்தோடு கண்ணாடியைப் பார்த்தாள். மோசமில்லை என்று தோன்றியது. செத்தவனுக்கு இரண்டு புருவம் எதற்கு.

முகத்தில் சாம்பல் பூச்சு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கணுக்கால் வரை கறுப்புக் கோட்டு. கோட்டு அவள் கணவனுடையது, கல்யாணத்துக்குத் தைத்தது. அவன் ஒமாஹாவுக்குப் போய் வேறொருத்தியோடு வாழ ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. கோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆர்லிஸ் அந்தக் கோட்டுக்குள் இரண்டு முறை வௌவாலாகவும் ஒரு முறை பியானோவாகவும் இருந்துவிட்டாள்.

கடைசியாக ஒரு தம்ளர் பாலை எடுத்துக்கொண்டாள். பால் இல்லாவிட்டால் அது டாக்டர் மல்ச் இல்லை.

அவள் சிறுமியாக இருந்த காலத்தில் உள்ளூர் தொலைக்காட்சியில் சனிக்கிழமைதோறும் பழைய பேய்ப்படம் போடுவார்கள். படத்துக்கு முன்னால் ஒரு சவப்பெட்டி திறக்கும். டாக்டர் மல்ச் எழுந்து உட்கார்ந்து ஒரு தம்ளர் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். பால் பண்ணைக்காரர்கள் பணம் கொடுத்து நடத்திய நிகழ்ச்சி. வார நாட்களில் அதே ஆள் அதே நிலையத்தில் டை கட்டிக்கொண்டு மழை வருமா வராதா என்று சொல்வார். ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே யாருக்கும் அவரைத் தெரியாது. இந்த வேஷத்தை எடுத்தபோதே ஆர்லிசுக்கு அது தெரியும். அக்டோபர் கடைசியில் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற பிள்ளைகள் "நீங்க யாரு? பால்காரரா?" என்றுதான் கேட்கப் போகிறார்கள். பார்த்தவுடனே கண்டுபிடிக்கக்கூடிய ஆள் எங்கள் தெருவில் ஒருத்திதான். எதிர்வீட்டு மெர்னா. அவளோடு பேச்சு நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஆர்லிஸ் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் படம் எடுப்பவள். இருபத்தேழு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே வாசகம். "நேராப் பாருங்க. சிரிக்காதீங்க." அக்டோபர் மாதத்தில் அவள் ஒரு நாள் போட்ட தோட்டை மறுநாள் போடமாட்டாள். முப்பத்தொரு ஜோடி வைத்திருக்கிறாள். பல்செட், கல்லறைக் கல், கண்விழி, ரத்தம் சொட்டும் குட்டிக் கத்தி. பல்செட் சாவி கொடுத்தால் கடகடவென்று ஆடும். எங்கள் மாவட்டத்தில் அக்டோபரில் எடுத்த உரிமங்களைப் பார்த்தால் தெரியும், எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். படம் எடுக்கும் முன்பு ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பாள். "இந்த வருஷம் என்ன வேஷம்?" எண்பது வயதுக்காரரிடமும் கேட்பாள். அவர்களும் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

ஆறு மணிக்கு வாசல் விளக்கைப் போட்டாள். மேஜையில் சாக்லேட் கூடை. பக்கத்தில் ஒரு தட்டு விரல் பிஸ்கட், நகத்துக்குப் பாதாம், வெட்டின இடத்தில் ஸ்ட்ராபெரி ஜாம். அது தெரிந்தவர்களுக்கு மட்டும். முன்பின் தெரியாத வீட்டில் செய்ததை எந்தத் தாயும் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டாள்.

அயோவாவில் எங்கள் ஊரில் அக்டோபர் முப்பதாம் தேதியே, வாசல் விளக்கு எரிகிற வீடுகளுக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மற்ற ஊர்களில்தான் முப்பத்தொன்று. மிட்டாயும் சும்மா கிடைக்காது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும். அவர்களுடைய தாத்தாக்கள் சொன்ன அதே ஜோக்தான். கேட்டுச் சிரித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆறேகால் ஆயிற்று. யாரும் வரவில்லை. ஆறரை. மரத்து இலைகள் தெருவில் உருண்டுகொண்டிருந்தன. தெரு முழுக்க வாசல் விளக்குகள் அணைந்திருந்தன. எரிந்தது இரண்டுதான். அவளுடையது ஒன்று. எதிரே மெர்னாவுடையது.

புயல் மழை வரலாம் என்று பிள்ளைகள் வருவதை அன்று மதியம்தான் நகராட்சி மறுநாளைக்குத் தள்ளிவைத்தது. டி.வி.யில் சொன்னார்கள், எல்லோர் போனுக்கும் செய்தி வந்தது. ஆர்லிஸ் அரைநாள் விடுப்பில் வந்து பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தாள். போன் மாடியில் கிடந்தது. மெர்னா காலையிலிருந்து கராஜைப் பூட்டிக்கொண்டு ஏதோ அறைந்துகொண்டிருந்தாள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

மெர்னாவின் வாசலில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

ஆர்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நீளமாக இருந்தது. மெர்னா குட்டையானவள், இவ்வளவு நீளம் வர வழியில்லை. சோபாவா? படகா? வேலியோரப் புதர் பாதியை மறைத்தது. இடது பக்கம் நகர்ந்து பார்த்தாள். வலது பக்கம் நகர்ந்து பார்த்தாள். நாற்காலி மேல் ஏறினாள்.

மற்ற வருடங்களில் இந்தக் கஷ்டம் இல்லை. பிள்ளைகளிடம் கேட்டுவிடலாம். "எதிர்வீட்டு ஆன்ட்டி என்னவா இருக்காங்க?" முதல் வருடம் தபால்பெட்டி என்றார்கள். இரண்டாவது வருடம் மின்விசிறி. போன வருடம் ஒரு பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியல, ஆனா அங்க சாக்லேட்டு பெருசு" என்றான். எட்டு மணி வரைக்கும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தும் அது என்னவென்று தெரியாமலே போயிற்று. வருடம் முழுக்க அது அவளை அரித்தது.

அதற்கு முன்பு பதினெட்டு வருடம் இருவரும் ஜோடி வேஷம்தான். உப்புக்குப்பியும் மிளகுக்குப்பியும். பிளக்கும் சாக்கெட்டும். நடுநடுவே மிருகங்கள். குதிரை, ஒட்டகம், டிராகன், இன்னும் நான்கு. மிருகம் என்றால் ஒருத்தி முன்பாதி, ஒருத்தி பின்பாதி. ஆர்லிஸ் உயரம். அதனால் முன்பாதி அவளுக்கு என்று முதல் வருடம் முடிவாயிற்று. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏழாவது மிருகம் பசு, அதுதான் கடைசி. தீயணைப்பு நிலையக் கூடத்தில் போட்டி. மேடையில் பாதி தூரம் போனதும் பின்பாதி நின்றது. ஜிப்பு இறங்கும் சத்தம் கேட்டது. மெர்னா பின்னங்கால்களோடும் வாலோடும் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

கூட்டம் கை தட்டியது. நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். முன்பாதி குனிந்து வணக்கம் சொன்னது. இரண்டாம் பரிசாக ஒரு முழுப் பன்றித்தொடை கொடுத்தார்கள். ஆர்லிஸ் அதை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் வந்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. தனியாகத் தின்னவும் முடியவில்லை, பாதியை அறுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் முடியவில்லை. அது இன்னும் ஃப்ரீஸரில் கிடந்தது.

ஆறே முக்காலுக்கு அவள் பால் தம்ளரோடு படியிறங்கினாள். இன்னும் ஒரு வருடம் தெரியாமல் இருக்க முடியாது.

பாதிச் சாலையில்தான் வால் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த வால். தன் வீட்டு ஷூ லேஸ்களைப் பின்னிச் செய்தது.

மெர்னா முழுப் பசுவாக நின்றுகொண்டிருந்தாள். முன்னங்கால் இரண்டும் அவளுடையவை. தலை, துணிக்கூடை ஒன்றை வெட்டிச் செய்தது. பின்பாதி பழைய பின்பாதியேதான். உள்ளே ஆளில்லை. பஞ்சு திணித்த கால்சட்டையில் இரண்டு கால்கள், அடியில் குழந்தை வண்டியின் சக்கரங்கள். மெர்னா ஓரடி எடுத்துவைத்தால் பின்பக்கம் கிரீச்சென்று கூடவே வந்தது. வாசல் திண்டில் ஒரு பூந்தொட்டி. அதில் மண்ணுக்குப் பதில் பொடித்த சாக்லேட் பிஸ்கட், அதற்குள்ளிருந்து நெளியும் ஜெல்லிப் புழுக்கள், நடுவில் குத்திய கரண்டி.

ஆர்லிஸ் முதல் படியில் கால் வைத்தாள்.

"அங்கயே நில்லு," என்றது பசு. "ஜோக்கு?"

"என்னடி?"

"வாசலுக்கு வந்தா ஜோக்கு சொல்லணும். இந்த ஊர்லதானே பொறந்தே?"

ஆர்லிஸ் யோசித்தாள். ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கிறாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தம்ளரில் பால் தளும்பியது.

"ஒரு பசுவோட பின்பாதி," என்று ஆரம்பித்தாள். "நாலு வருஷமா பேசவே இல்ல. ஏன்?"

"ஏன்?"

"தெரியல. அதக் கேக்கத்தான் வந்தேன்."

"இது ஜோக்கே இல்ல."

"தெரியும்."

பசுத்தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மெர்னா அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். முகம் வேர்த்திருந்தது.

"அதுக்குள்ளேர்ந்து பேசினா வெளிய யாருக்கும் கேக்காதுடி," என்றாள். "மேடையில மூணு தடவ நில்லுன்னு சொன்னேன். ஷூவுக்குள்ள கல்லு. நீ பாட்டுக்குக் கைய ஆட்டிக்கிட்டே போற. ஏழு மிருகத்துலயும் நான் பாத்ததெல்லாம் உன் பின்னாடிதான். யாரு என்ன வேஷம்னு வீட்டுக்குப் போற வழியில நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"கல்லா?"

"கல்லுதான். ஆனா கல்லு மட்டும் இல்ல."

"நீ சொல்லியிருக்கலாமே. வெளிய வந்தப்புறம்."

"நீ பன்னித்தொடையத் தூக்கிக்கிட்டு ஃபோட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்த."

ஆர்லிஸ் தம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "போன வருஷம் நீ என்ன?" என்று கேட்டாள்.

"டோஸ்டர்."

"டோஸ்டரா! அந்த ரெண்டு பழுப்புத் துண்டு?"

"ரொட்டி. மேல வரும், உள்ள போகும். நீ பாத்தியா?"

"பாக்காம? தோள்ல என்னத்தடி வச்சிருக்கான்னு ஒரு வருஷமா மண்டைய ஒடைச்சுக்கிட்டிருக்கேன்."

மெர்னா சிரிப்பை அடக்கினாள். உரிமத்துக்குப் படம் எடுக்கும்போது மற்றவர்கள் அடக்குவதைப் போல. பிறகு ஆர்லிசைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கோட்டு, ஸ்டெதஸ்கோப், ஒற்றைப் புருவம். பார்வை தம்ளரில் நின்றது.

"குடி," என்றாள்.

"ம்?"

"ஒரே மூச்சுல குடிக்கணும். இல்லன்னா நீ டாக்டர் மல்ச் இல்ல."

ஆர்லிஸ் குடித்தாள். பாதியில் புரையேறியது. கண்ணில் நீர் வர முழுவதையும் குடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். சாம்பல் பூச்சு மீசை மாதிரி இழுபட்டது. மெர்னா காலித் தம்ளரைப் பார்த்தாள். குனிந்து தன் மடியைப் பார்த்தாள், ரப்பர் கையுறையை ஊதிச் செய்த இளஞ்சிவப்பு மடி. அதன் பிறகு இருவராலும் நிற்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

காற்றில் எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி உருண்டது. அதைப் பிடிக்க வெளியே ஓடியபோதுதான் அவர்களைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? நாளைக்குத்தானே பிள்ளைங்க வருவாங்க?" என்றேன்.

"நாளைக்கா?" என்றார்கள், இருவரும் சேர்ந்து. மெர்னா சட்டென்று எழுந்தாள். பின்பாதி படியில் இடித்து ஒரு சக்கரம் கழன்று சாக்கடைப் பக்கம் ஓடியது. நான் விளக்கடித்துத் தேடினேன். கம்பிக்குள் விழுந்துவிட்டிருந்தது.

"போச்சு," என்றாள் மெர்னா. "மூணு வாரம் பண்ணினேன்."

ஆர்லிஸ் குந்தி உட்கார்ந்து பசுவின் பின்பாதிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"உள்ளேர்ந்து நெசமாவே ஒண்ணும் தெரியாதா?"

"வந்து பாரு."

"முதுகு வலிக்குமா?"

"வலிக்கும்."

"சரி," என்றது பின்பாதிக்குள்ளிருந்து வந்த குரல். "நாளைக்கு வரேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை காலையில் நின்றுவிட்டது. ஆர்லிஸ் வேலைக்குப் போனாள், பூசணித் தோடு போட்டுக்கொண்டு. இருபத்தாறு பேரைப் படம் எடுத்தாள். மாலையில் தெருவில் எல்லா வாசல்களிலும் விளக்கு எரிந்தது, அவளுடையதைத் தவிர. அவளுடைய மேஜையும் கூடையும் மெர்னாவின் வாசலில் இருந்தன. எண்பத்து மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஆர்லிஸ் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை குனிந்தபடி பின்பாதிக்குள் இருந்தாள். எண்பத்து மூன்று ஜோக்கும் காதில் விழுந்தன. கண்ணில் பட்டது மெர்னாவின் பச்சைக் காலுறை மட்டும். ஒவ்வொரு தடவையும் "என்ன வேஷம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். மெர்னா சில தடவை சொன்னாள், சில தடவை சொல்லவில்லை. எட்டு மணிக்கு விளக்கை அணைத்தார்கள். ஆர்லிசால் உடனே நிமிர முடியவில்லை. மெர்னா கை கொடுத்துத் தூக்கினாள். விரல் பிஸ்கட்டை ஆளுக்கு மூன்று தின்றார்கள். பிறகு இருவரும் ஆர்லிசின் வீட்டுக்குப் போய் ஃப்ரீஸரிலிருந்து பன்றித்தொடையை எடுத்து, சுற்றியிருந்த தாளைப் பிரித்து, ஆளுக்கொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார்கள்.